மல்லாந்து நீந்தும் கெளுத்தி

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், உடைந்த கல்லை ஒட்டுவதுதான் அவள் வேலை. வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் ஒட்டக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நகக்கண்ணில் ஏறிய சாந்தைத் தேய்த்துக் கழுவுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

அவள் கணவருக்கு இரண்டாம் மாடியில் காற்றோட்டமான அறை. பழைய எகிப்தியச் சிற்பங்களில் இருக்கும் கெளுத்தி மீன் எந்த இனம் என்று சொல்வது அவர் பிழைப்பு. மீசை எத்தனை ஜோடி, முதுகுத் துடுப்பு நெட்டையா குட்டையா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். துடுப்பு வால்வரை ஓடினால் ஒரு இனம். முதுகில் துடுப்பே இல்லையென்றால் தொட்டவனைத் தூக்கியடிக்கும் மின்கெளுத்தி. தன் முகத்தில் ஒரு முடி வளர விடாத மனிதருக்கு மீசைக்காரர் என்று பேர் வைத்திருந்தார்கள். அந்தப் பேர் அவருக்குப் பிடிக்காது. ஊர் உலகத்தில் தனக்கு வேறு பேர் இல்லை என்பது அதைவிடப் பிடிக்காது.

அந்த வருஷம் ஒரு கல்லறைச் சுவர் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஆறு, படகு, படகுக்கு அடியில் வரிசையாக மீன்கள். மூத்த ஒட்டுநர் ஓய்வுபெறப் போகிறார். சுவரை ஒழுங்காக நிமிர்த்திவிட்டால் அவருடைய இடம் உனக்கு என்று இயக்குநர் வாயாலேயே சொல்லியிருந்தார். அந்த அறைக்குத் தான் பொறுப்பாவதற்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதாக யாருக்கும் நினைவில்லை.

கடைசியில் ஒரே ஒரு கல் மிஞ்சியது. அதில் ஒரு கெளுத்தி. நாலு பக்கமும் தேய்ந்துபோன கல். எப்படித் திருப்பினாலும் பள்ளத்தில் உட்கார்ந்தது. வயிறு கீழே வரும்படி வைத்தால் மற்ற மீனெல்லாம் வலப்பக்கம் போக, இது மட்டும் இடப்பக்கம் போனது. கூட்டத்தோடு போகட்டும் என்று திருப்பினால் வயிறு மேலே வந்தது. வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கும்போது ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டு போனாள். சாப்பிடும்போது காட்டினாள்.

"என்னங்க, இது எந்தப் பக்கம் வரும்?"

அவர் கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டுப் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மல்லாந்து நீந்துகிற கெளுத்தி அது. தண்ணீரின் மேற்பரப்பில் மேய்வதற்காக வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு போகும் இனம். கல்லில் வயிற்றுப் பக்கம் கறுப்புச் சாயத்தின் மிச்சம்கூட இருந்தது. அந்த மீனுக்கு முதுகைவிட வயிறுதான் கறுப்பு.

"ஒரு மீனு எதிர்நீச்சல் போட்டா என்ன தப்பு? வயித்த மேல காட்டினா அது செத்த மீனு. செத்த மீனைப் போய் எவனாவது செதுக்குவானா?" என்றார். "போய் ஒட்டு."

இந்த மனிதரை அறிஞர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் போட்ட கணக்கு இதுதான்: இவள் சரியாக ஒட்டிவிட்டால் அது இவள் வேலை. இவள் தப்பாக ஒட்டி, நாலு பேர் முன்னால் தான் திருத்தினால் அது தன் கண்டுபிடிப்பு. மிச்சச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார். அவள் நிம்மதியாக, மறுநாள் அந்தக் கல்லை வயிறு கீழே வரும்படி ஒட்டி, விளிம்பில் சாந்து பூசித் தேய்த்து முடித்தாள்.

திறப்பு நாளில் விருந்தாளிகள் சூழ்ந்து நிற்கும்போது மீசைக்காரர் சுவருக்கு அருகில் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அடடா" என்றார். அப்புறம் மீசை, துடுப்பு, கறுத்த வயிறு என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டி, இந்த மீன் தலைகீழாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று முடித்தார். கைதட்டினார்கள்.

இயக்குநர் முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, ஒட்டுறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். இவரைத்தான் கேட்டேன்."

"எங்கிட்டயா?" மீசைக்காரர் சிரித்தார். "எங்கிட்ட கேட்டிருந்தா இது இப்படியா இருக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதானே. அவளுக்கு நாக்கு எழவில்லை.

பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அவளைக் கல்லுப் பக்கமே விடவில்லை. வேலையை விட்டு நீக்கினால் பேச்சாகும் என்று, சுவர் நிற்கும் கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு, யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கல்லைப் பெயர்த்துத் திருப்பி ஒட்டியபின், மல்லாந்த மீனுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் வைத்தார்கள். ஒட்டுநர் ஒருவரின் அறியாமையால் இந்த மீன் முதலில் தலைகீழாகப் போனது, அதை இன்னார் கண்டுபிடித்தார் என்று அதில் இருந்தது. எழுதியது அவள் கணவர். வருகிறவர்கள் சத்தமாகப் படித்து, "எவன் அவன்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவள் தினமும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பலகையையாவது எடுக்கச் சொல்லக் கூடாதா?" என்று வீட்டில் ஒருநாள் கேட்டாள்.

"உன் பேரா போட்டிருக்கு? ஏன் இப்படித் துள்ளுற?" என்றார் அவர்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். நம் பாஷை பேசுகிறவர், நல்ல மாதிரி மனிதர். மீசைக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து மீனைக் காட்டினார். அவள் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததாகக் கணவர் காட்டிக்கொள்ளவில்லை.

பேராசிரியர் பலகையைப் படித்தார். "அந்த ஒட்டுநர் இப்ப எங்க இருக்காங்க? அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

"அவங்க இப்ப இங்க இல்ல" என்றார் மீசைக்காரர்.

அவள் எழுந்தாள். இத்தனை நாள் எழாத நாக்கு எழுந்தது.

"நான்தாங்க ஐயா அது. இவரோட சம்சாரம். ஒட்டுறதுக்கு முன்னாடி இவர்கிட்ட படத்தைக் காட்டினேன். வயிறு கீழதான்னு சொன்னதே இவர்தான்."

பேராசிரியர் திரும்பி மீசைக்காரரைப் பார்த்தார். மீசைக்காரர் கோபப்படவில்லை, தடுமாறவும் இல்லை. குரலைத் தாழ்த்தி, அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பாவம், மனசு சரியில்லாத அம்மா. வர்றவங்க எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லும். யாரும் இல்லாதவங்க, போகட்டும்னு வச்சிருக்கோம்."

பேராசிரியர் அவளுடைய, இன்னும் சாந்துக்கறை போகாத நகங்களையும், நடுங்குகிற உதட்டையும் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் நிறைந்துவிட்டது. அவள் தோளை மெல்லத் தொட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"சரிம்மா. நான் நம்புறேன். நீங்க உக்காருங்க."

அவள் உட்கார்ந்தாள்.