குதிரைக்கு வைத்த கல்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தேவாலயத்தின் காவலாளி அவர். வளாகத்தில் இருந்த வெள்ளைக்காரர் காலத்து நினைவுக் கற்களைத் தினமும் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவுவார். ஒரு கல்லை மட்டும் கழுவமாட்டார். அதன்மேல், தான் இடுப்பில் கட்டும் சாரத்தைத் துவைத்துக் காயப்போடுவார். அது ஓர் ஆங்கிலத் தளபதியின் குதிரைக்கு வைத்த கல்.

போர்க்காலம் அது. ஊர் வரலாறு எழுதுவதற்காக நான் வாரந்தோறும் போய் அந்தக் கற்களில் உள்ள திகதிகளைக் கொப்பியில் எழுதுவேன். ஒருநாள் சாரத்தை விலக்கிவிட்டு, குதிரை செத்த நாளையும் எழுதினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“குதிரைக்குக்கூட திகதி இருக்கு, ஐயா. சுற்றிவளைப்பில என்ட மகனைக் கொண்டு போனாங்க. பொலிசில போய்க் கேட்டா, அப்படி ஒருத்தனைப் பிடிக்கவே இல்லையாம். நீங்க திகதி எழுதுற ஆள்தானே? போன மாசம் ரெண்டாம் வெள்ளி. எழுதுங்க.”

எழுத்தில் ஆதாரம் இல்லாத எதையும் நான் குறிப்பதில்லை. பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: “அதுக்கு ஏதும் எழுதின துண்டு இருக்கா?”

“பொலிஸ்காரனும் இதைத்தான் கேட்டான்,” என்று சொல்லிவிட்டு, அவர் சாரத்தை மறுபடி கல்லின்மேல் விரித்தார்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் குதிரை செத்த நாள் இருக்கிறது. அவருடைய மகனைப் பிடித்த நாள் இல்லை. பொலிசைத் திட்ட எனக்கு என்ன வாய் இருக்கிறது?