புதுப் பதிப்பு வேண்டாமென்று நான் எழுதியது

அந்தச் செய்தி வந்தபோது நான் தெலுக் பங்லிமா காராங்கில், வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில் உட்கார்ந்திருந்தேன். காலை ஐந்து மணிக்குக் கிள்ளானில் வீட்டை விட்டுக் கிளம்பியவள். எட்டு மணி நேரம் நின்று, பிளாஸ்டிக் புட்டிகளின் மூடி சரியாக உட்கார்கிறதா என்று பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தரையில் வைத்திருந்தேன்.

பூச்சோங்கில் ஒரு கணவன் மனைவி. எங்கள் விளையாட்டுக் குழுவில் பாதி அவர்கள். மனைவிதான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தாள். "அக்கா, நம்ம கேம் புது எடிஷன் வந்துருச்சி. ரூல்ஸ் நெறைய மாத்திட்டாங்களாம். வாங்குவோமா?"

அந்த விளையாட்டை வெளியாட்களுக்குச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். என்னைத் தவிர மூவருக்கும் ஆளுக்கொரு வேடம்: ஒருத்தி வில்லாளி, ஒருவன் வைத்தியன், இன்னொருத்தி திருடி. நான் கதையை நடத்துவேன். "எதிரே ஒரு மரப்பாலம். பலகையெல்லாம் இற்றுப்போயிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். அவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். பாலம் தாங்குமா, அறுந்து விழுமா என்பது பகடை உருட்டினால் தெரியும். எதற்கு எந்தப் பகடை, எத்தனை விழ வேண்டும் என்பதெல்லாம் முந்நூறு பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகமாக இருக்கும். பன்னிரண்டு வருஷம், மாதத்தில் இரண்டு ஞாயிறு, பிரிக்ஃபீல்ட்ஸில் என் தோழியின் அடுக்குமாடி வீட்டில் ஆடினோம்.

அந்தப் புத்தகத்தை நாங்கள் திறந்தது குறைவு. தோழிக்கு அத்தனையும் மனப்பாடம். அவள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் ஒருவர் சாட்சி சொல்ல, அவர் மூச்சு விடுவதற்குள் அதை மலாயில் சொல்லிவிடுவாள். ஆட்டத்திலும் அப்படித்தான். "இருட்டில அம்பு விட்டா எவ்வளவு குறைக்கணும்?" என்று யாராவது வாயெடுத்தால் முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். வில்லாளி அவள்தான்.

போன வருஷம் ஒரு நாள், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் குளியலறையில் விழுந்தாள். பக்கவாதம். வலக்கை போயிற்று. கால் மெல்லத் திரும்பி வந்தது. பேச்சு இருக்கிறது, ஆனால் வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வருவதில்லை. தமிழில் தேடினால் மலாய் வரும். சில சமயம் இரண்டுமே வராது, நாங்கள் காத்திருப்போம். அதற்குப் பிறகு நாங்கள் ஆடவில்லை.

கேண்டீனில் அந்தச் செய்தியைத் திரும்பப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, அலுப்புதான் வந்தது. முந்நூறு பக்கம். அதை நான் படிக்க வேண்டும். கதை நடத்துகிறவள் படிக்காமல் முடியாது. பழைய கதையைப் புது விதிக்கு மாற்ற வேண்டும். எல்லோருக்கும் தோதான ஒரு ஞாயிறு பிடிக்க வேண்டும். அந்த ஞாயிறு துணி துவைக்க முடியாது, தூங்க முடியாது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் தயாராக இருந்தது.

"வேணாம் லா," என்று எழுதினேன். "அவளுக்குப் புதுசெல்லாம் இப்ப ஒத்து வராது. பாவம். பழசு அவளுக்கு மனப்பாடம். சரியாகட்டும், பழசுலயே ஆடுவோம்."

அனுப்பியதும் தோள் கொஞ்சம் இறங்கியது. நல்லது செய்தவள் மாதிரிகூட இருந்தது. அந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளால் இப்போது படிக்க முடியாது என்று நானே முடிவு செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவளைப் பார்க்கப் போனேன். கிள்ளானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பாதித் தூரம் தூங்கினேன். இறங்கி நடக்கையில் கேசரி வாங்கிக்கொண்டேன். அவள் கணவர் கதவைத் திறந்து, "வாங்க, உங்களைத்தான் பாத்துட்டிருக்கா," என்றார்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். முடியைக் கட்டையாக வெட்டிவிட்டிருந்தார்கள். கேசரியை இடக்கையால் சாப்பிட்டாள். நான் தொழிற்சாலையைப் பற்றி, என் மகளைப் பற்றி என்னென்னவோ பேசினேன். பிறகு, எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும் என்று, "புது எடிஷன் வந்திருக்காம். வேணாம்னு சொல்லிட்டேன். நமக்குப் பழசு போதும்," என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டு, "பாரு," என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். கீழே ரோட்டில் ஒரு லோரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. "என்னா? லோரியா?"

"இல்ல. பாரு." தலையை ஆட்டினாள். "பூக்கு. பாரு."

நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன், அலமாரியைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது. சமையலறையிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்து, "மலாய்ல சொல்றா. பூக்கு பாரு. புதுப் புத்தகம்," என்றார்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு மடியிலிருந்த கைபேசியை எடுத்து, இடக்கைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளித் தள்ளி என் முன்னால் நீட்டினாள். நான் எழுதியது. அதில் 'பாவம்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"நீயே படிச்சியா?" என்றேன்.

"ரெண்டு நாளு," என்றாள்.

இரண்டு நாட்கள் ஆகியிருந்தன அவளுக்கு, அந்த நாலு வரியைப் படிக்க. அவள் கணவர் உதவட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாளாம்.

அவள் பேச ஆரம்பித்தாள். வெகுநேரம் எடுத்தது, நான் இங்கே இடைவெளிகளை விட்டுவிட்டு எழுதுகிறேன். "பழசுல எல்லாரும் என்னைத்தான் கேப்பீங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீங்க என் மூஞ்சியப் பாப்பீங்க." மூச்சு வாங்கினாள். "புதுசுன்னா ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது."

நான் உள்ளதைச் சொன்னேன். "உனக்காக வேணாம்னு சொல்லல. எனக்குக் களைப்பா இருந்துச்சி. உன் பேரைப் போட்டுட்டேன்."

"தெரியும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கேசரித் தட்டை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அந்த வார விடுப்பு நாளில் அம்பாங்குக்குப் போனேன். மாடியில் ஒரு சின்னக் கடை. இந்த மாதிரி விளையாட்டுகள் மட்டும் விற்கும். கடைக்காரச் சீன இளைஞன் மலாயில், "பிள்ளைக்கா ஆன்டி?" என்று கேட்டான். எனக்குத்தான் என்றேன். நம்பாத மாதிரி பார்த்துவிட்டு, புத்தகத்தைப் பையில் போட்டுக் கொடுத்தான். நல்ல கனம். திரும்பி வரும் ரயிலில் திறந்து நாலு பக்கம் படித்தேன், ஐந்தாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

முதல் ஆட்டம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு. பூச்சோங் தம்பதி ரொட்டி சானாய் வாங்கி வந்தார்கள். நான் அறுபது பக்கம்தான் படித்திருந்தேன், அதையும் வெளியே சொல்லவில்லை. தோழி மறுபடி வில்லாளியாகவே இருந்தாள். ஒரு காவற்கோபுரத்தின் மேல் நிற்பவனைக் குறிவைத்தாள். இடக்கையால் உருட்டிய பகடை நாற்காலிக்கு அடியில் ஓடியது. பூச்சோங்காரன் குனிந்து எண்ணைப் பார்த்துச் சொன்னான். இப்போது அம்பு பட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் முப்பதாம் பக்கத்தில் தேடினேன். அவன் கைபேசியில் தேடினான். அவன் மனைவி, "அக்கா, தூரத்துக்கு ஏதோ குறைக்கணும்னு எங்கியோ படிச்சேன்," என்றாள், எங்கே என்று சொல்ல முடியவில்லை. கோபுரத்தில் நின்றவன் அவன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"எல்லாரும் லம்பாட்," என்றாள் தோழி. எல்லோருமே மந்தம் என்று. பூச்சோங்காரன் சிரித்துவிட்டான். கடைசியில் அம்பு பட்டது என்று நானாக முடிவு செய்தேன். விதி அப்படி இல்லை என்று பிறகு தெரிந்தது.

முக்கால் மணி நேரத்தில் அவள் தலை சாய ஆரம்பித்தது. கணவர் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் மூவரும் கிளாஸ்களைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

இதுவரை நாலு தடவை ஆடியிருக்கிறோம். கதை இன்னும் அந்தக் கோபுரத்தைத் தாண்டவில்லை. புத்தகத்தில் நான் நூறு பக்கத்தைத் தொட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு நாள் சொற்கள் வருகின்றன, மறுநாள் வருவதில்லை. மருத்துவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஞாயிறு காலைகளில், கிள்ளான் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, இன்றைக்கு வேண்டாம் என்று யாராவது செய்தி அனுப்ப மாட்டார்களா என்று கைபேசியைப் பார்ப்பேன். ஒருவரும் அனுப்புவதில்லை. ரயில் வந்ததும் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன்.