மஞ்சள் புத்தகத்தில் இன்னொரு முத்திரை

பினாங்கிலிருந்த கணவரிடம் போக எனக்குக் கப்பல் டிக்கெட் வந்திருந்தது. அம்மை குத்திக்கொள்ள நகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஊசி போடுபவர் ஒல்லியாக, காதில் பென்சில் செருகியிருப்பார். ஊசியை எடுத்ததும், "இன்னிக்கு என்னாம்மா கொழம்பு?" என்பார். யோசித்துச் சொல்வதற்குள் குத்தி முடித்துவிடுவார். கப்பல் பயணிகளுக்கான என் மஞ்சள் தடுப்பூசிப் புத்தகத்திலும் அப்படித்தான் முத்திரை விழுந்தது.

சில நாள் கழித்து, தறி வீடுகள் நெருங்கிய பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவரே மூச்சு வாங்கச் சைக்கிளை நிறுத்தினார்.

"சட்டம் மாறிப்போச்சும்மா. காலரா ஊசியும் இருந்தாத்தான் அங்க எறங்க விடுவாங்களாம். போட்டு ஆறு நாள் ஆவணும். கப்பல் என்னிக்கு?"

"இன்னும் ஏழு நாள்தாங்க இருக்குது!"

"அப்ப கையக் காட்டு." பையிலிருந்து ஊசிப் பெட்டியும் முத்திரையும் வெளியே வந்தன.

இந்த முறை ஏமாறக்கூடாதென்று 'முருங்கைக்காய் சாம்பார்' என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ, "கப்பல் பேரு என்னாம்மா?" என்றார். யோசிப்பதற்குள் போட்டுவிட்டார்.

"எதுக்குங்க இவ்ளோ தூரம் அலைஞ்சிக்கினு?" என்றார் மாமியார்.

"நான் குத்துன கை கரையில எறங்காம திரும்பக் கூடாதும்மா."

பினாங்கில் காலரா முத்திரை இல்லாதவர்களைத் தனியே நிறுத்தினார்கள். நான் சிரித்தபடி இறங்கினேன். அத்தனை தறி வீடுகளுக்கு நடுவே என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாரோ, இன்றுவரை தெரியவில்லை.