மீதி இரண்டு ரவுண்டு

குத்துச்சண்டைக் கூடத்தில் அவரை எல்லாரும் மூட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் சலவைக்கடையில் ஆஸ்பத்திரித் துணிகளுக்கு இஸ்திரி போடுவார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்துக்குப் போய் அடி வாங்குவார். பந்தயத்துக்குத் தயாராகிறவனுக்கு, எதிராளி எப்படி ஆடுவானோ அப்படியே ஆடிக் காட்டுவது அவர் வேலை. சொந்தமாக ஒரு பந்தயமும் ஜெயித்ததில்லை. ஆனால் யாருடைய ஆட்டத்தையும் நாலு தடவை பார்த்தால் போதும், உடம்பில் ஏற்றிக்கொள்வார்.

அந்த வருஷம் எல்லார் வாயிலும் இருந்த பந்தயம் ரோலருக்கும் கொக்குக்கும். ரோலர் தலையைக் குனிந்து முன்னால் மட்டுமே நடப்பவன். மூன்று அடி வாங்கினாலும் விலாவில் ஒன்றை இறக்காமல் விடமாட்டான். கொக்கு அவனைவிட ஒரு சாண் உயரம், இடக்கைக்காரன். பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பான். எதிராளி நெருங்கும் கணத்தில் அந்த நீளக் கை வந்து கொத்தும். டீக்கடையில் பாதிப் பேர், "கிட்ட போயிட்டா கொக்கு காலி" என்றார்கள். மீதிப் பேர், "கிட்ட போனாத்தானே?" என்றார்கள்.

ஆறு வாரம் ரோலருக்கு முன்னால் மூட்டைதான் கொக்காக நின்றார். பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கொக்கு பேருந்து விபத்தில் இறந்துபோனான்.

குறித்திருந்த தேதி வந்ததும் ரோலர் சலவைக்கடை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, இன்னிக்கு எட்டு ரவுண்டும் ஆடிடலாம். நீங்க அவனா நில்லுங்க."

"செத்தவனோட என்ன தம்பி போட்டி?"

"அவன் இருந்திருந்தா யாரு ஜெயிச்சிருப்பான்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. எனக்கே தெரியலண்ணே."

மதியம் மூன்று மணிக்குக் கூடத்தில் அவர்களைத் தவிர ஒரே ஒருத்திதான் இருந்தாள். தம்பியின் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்த கொக்கின் அக்கா. பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் இரண்டு ரவுண்டு வழக்கம்போலப் போயின. மூன்றாவதில் மூட்டைக்கு யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கால் தானாக விலகியது, கை தானாக நீண்டது. ரோலர் நெருங்க நெருங்க அடி விழுந்தது. ஆறாவது முடிந்தபோது அவன் புருவத்திலிருந்து ரத்தம் வழிந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

"அண்ணே, நீங்க என் தோள் உயரம்தான். அடி ஏன் மேலேருந்து விழுது?"

மூட்டை காலைத் தரையில் தேய்த்தார். பெஞ்சிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"காலை ஏன் அப்படித் தேச்சீங்க?"

"எப்படிம்மா?"

"இடது குதிகாலை, ரெண்டு தடவை. என் தம்பி பத்து வயசுல அப்படிச் செய்வான். கோச் திட்டித் திட்டி நிறுத்திட்டான். மேடையில ஒருநாளும் செஞ்சதில்ல. உங்களுக்கு யாரு சொன்னா?"

ரோலர் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து மூட்டை இஸ்திரிப்பெட்டியை இடது கையில் பிடித்தார். வீட்டு வாசல் நிலை அவர் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. ஆனாலும் குனிந்தே நுழைந்தார்.

"ஏங்க, நம்ம வாசல்ல எதுக்குக் குனியறீங்க?" என்று மனைவி சிரித்தாள்.

"குனிஞ்சேனா?" என்றார் அவர்.

ஒரு வாரத்தில் அவளுக்குச் சிரிப்பு வற்றிப்போயிற்று. சாப்பாட்டுத் தட்டோடு அவள் கிட்டே வந்தால் அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அவள் நின்றால் அவரும் நின்றார். கண் மட்டும் அவள் தோளிலேயே இருந்தது, எப்போது வருவாள் என்று பார்ப்பதுபோல. மூன்று வாரம் பொறுத்தாள். பிறகு நேராக ரோலர் வீட்டுக்குப் போனாள்.

"மீதி ரெண்டு ரவுண்டையும் முடிச்சுக் குடுங்க தம்பி. என் வீட்ல இருக்கறது யாருன்னே எனக்குத் தெரியல."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பயமா இருக்குக்கா" என்றான். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்துக்கு வந்தான். மூட்டையை மனைவியே கூட்டிவந்திருந்தாள்.

ஏழாவது ரவுண்டில் அவன் எப்போதும்போல் முன்னால் நடந்தான், எப்போதும்போல் வாங்கினான். எட்டாவதில் நடக்கவில்லை. மேடையின் நடுவே கைகளைக் கன்னத்தோடு வைத்து நின்றுவிட்டான். எதிராளி வந்தால்தான் கொக்குக்கு ஆட்டம். வராதவனை என்ன செய்வது? ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. கூடத்தில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. மூட்டையின் மூச்சு சீறியது. அது அவருடைய மூச்சு இல்லை என்று மனைவி பிற்பாடு சொன்னாள்.

கடைசி அரை நிமிஷத்தில், உயிரோடு இருந்தபோது கொக்கு ஒருநாளும் செய்யாததை அவர் செய்தார். முன்னால் வந்தார். நீளக் கை வந்தது. ரோலர் அதைத் தலைக்கு மேல் போகவிட்டு விலாவில் ஒன்று இறக்கினான்.

மூட்டை அப்படியே உட்கார்ந்தார். வலது கையைத் தரையில் ஊன்றி, "ஐயோ அம்மா, கொன்னுட்டான்" என்றார், சொந்தக் குரலில். மனைவி ஓடிவந்து, அடிபட்ட விலா என்றும் பார்க்காமல் கட்டிக்கொண்டாள். அவர் பின்வாங்கவில்லை.

அதோடு கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, முழுநாளும் சலவைக்கடையிலேயே இருந்துகொண்டார். நாலு மாசம் கழித்து ரோலரின் பந்தயம் ஒன்றைப் பார்க்க மட்டும் போனார். மணி அடித்ததும் ரோலர் பின்னால் நகர்ந்தான். கோச், "முன்னால போடா!" என்று தொண்டை கிழியக் கத்தியும், கயிற்றை ஒட்டி நகர்ந்தபடி காத்திருந்தான். புள்ளியில் தோற்றான்.

மூட்டை உடைமாற்றும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தம்பி, அவன்தானா?"

ரோலர் கைக்கட்டை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாண்ணே. நான்தானே கூப்பிட்டேன்? இருந்துட்டுப் போகட்டும்."

அவன் முகத்தில் பயம் இல்லை. மூட்டை அவனை நெருங்கி ஆறுதலாகத் தோளில் கை வைக்கப் போனார். பிறகு வேண்டாம் என்று கையை இறக்கிக்கொண்டு, வெளியே காத்திருந்த மனைவியிடம் வேகமாக நடந்தார்.