உள்பக்கத் தாழ்ப்பாள்

பழவேற்காட்டில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில் பதினேழு பேர் இருந்தோம். மூன்று அறைகள். மூன்றுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். வியாபாரக் குடும்பம் கட்டிய வீடு. கைலிக் கட்டுகளை உள்ளே அடுக்கிவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவதற்கென்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். பின்னால் வியாபாரம் கும்மிடிப்பூண்டிக்கும் பட்டணத்துக்கும் போன பிறகு, சரக்கு இருந்த அறைகளில் பெண்கள் குடியேறினோம். உள்ளே இருப்பது இப்போது சரக்கில்லை, ஆள் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. குளிக்கிற இடத்துக்கும் ஓலைத் தட்டிதான். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அடையாளமாகத் தட்டியின் மேல் புடவையைப் போடவேண்டும். போட்டாலும் சாச்சி, அதாவது என் சித்தி, எட்டிப் பார்த்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பாள்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயதாகும்போது, பினாங்கிலிருந்து என் வீட்டுக்காரரின் கடிதம் வந்தது. அங்கே அவர் துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு தடவை ஊருக்கு வந்திருந்தார். குழந்தை தங்கவில்லை. அறை பார்த்துவிட்டேன், புறப்பட்டு வா என்று எழுதியிருந்தார். என்னை அழைத்துப் போக வீட்டில் ஆண் யாரும் தோதாக இல்லை. வாப்பாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கண் சரியில்லை. காக்காவுக்குக் கும்மிடிப்பூண்டியில் கடை. காக்கா என்பது என் அண்ணன். அப்பா பேச வேண்டியதையெல்லாம் அவர்தான் பேசுவார்.

அதனால் பெரியவர்கள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ராயபுரத்திலிருந்து ஒரு குடும்பம் பினாங்குக் கப்பலில் போகிறது, மொத்தம் பதினோரு பேர், அதில் ஆறு பிள்ளைகள். அவர்களோடு கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்துக்கொண்டு நானும் போவது என்று முடிவானது. அந்தத் தளப் பயணத்தைப் பற்றிப் போய்வந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடம் பிடிக்கக் கயிறு கட்டவேண்டும், சமைக்கவேண்டும், பிள்ளைகள் வாந்தி எடுத்தால் துடைக்கவேண்டும். எனக்குப் புரிந்துவிட்டது. பதினேழு பேர் வீட்டிலிருந்து பன்னிரண்டு பேர் பாய்க்குப் போகிறேன். கடலைத் தாண்டினாலும் என் பாடு மாறப்போவதில்லை.

டிக்கெட் விசாரிக்கப் பட்டணத்துக்குப் போன காக்கா, கப்பல் ஏஜெண்டு கொடுத்த வரைபடத்தாளைக் கொண்டுவந்திருந்தார். கப்பலை நீளவாக்கில் பிளந்து போட்ட படம். கட்டம் கட்டமாக அறைகள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் படுக்கலாம் என்று எண் போட்டிருந்தது. நாலு, நாலு, ஆறு, இரண்டு. எஞ்சினுக்குப் பக்கத்தில், படிக்கட்டுக்கு அடியில், நகம் அளவுக்கு ஒரு கட்டம். அதில் ஒன்று என்று போட்டிருந்தது. தனியாகப் போகிற குமாஸ்தாக்களுக்கும் துரைகளின் ஆட்களுக்குமான அறையாம். காக்கா மடித்து வைத்த தாளை எடுத்து நான் பத்துத் தடவை பார்த்தேன். ஒரு ஆள் மட்டும் இருப்பதற்கென்று வேண்டுமென்றே ஒரு அறையைக் கட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை நாஷ்டா நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, அந்தக் கட்டத்தில் விரலை வைத்து இதுதான் எனக்கு வேண்டும் என்றேன். சாச்சி வாயில் வைத்த ஆப்பத்தை விழுங்கவில்லை. தனியாக ஒரு பெண் கப்பலில் போவதா, ஊர் என்ன சொல்லும் என்று ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்தார்கள். எனக்கு மார்க்கம் தெரியாது என்றார்கள், திமிர் என்றார்கள். எல்லோரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு காக்காவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஊர் பேர் தெரியாத முந்நூறு ஆம்பளைங்க நடமாடுற தளத்துல பாய் போட்டுப் படுக்கிறது மானமா, தாப்பா போட்டுக்கினு ஒரு ரூமுக்குள்ள இருக்கிறது மானமா? நீயே சொல்லு காக்கா."

பர்தாவைப் பற்றி எனக்கு ஏழு வயதிலிருந்து பாடம் எடுத்தவர்கள் அவர்கள். அந்தப் பாடத்தையே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கூடுதலாக ஆகும் செலவுக்கு என் காப்பைக் கழற்றி என்னைப் பெற்ற உம்மாவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காக்கா கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்து, சரி, அந்த அறையையே எடுத்துவிடலாம் என்றார். முகத்தில் கோபம்கூட இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவ்வளவு சுலபமாக அவர் இறங்கி வந்ததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் கப்பல் ஏறினாலும், அக்கரையில் இருக்கிற தங்கள் ஆண்களுக்குத் தெருவே சாமான் கொடுத்தனுப்பும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. நம்பி ஒப்படைத்த பொருளை எங்களில் அமானிதம் என்போம். அதைத் தொலைத்தவர் மறுமையில் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கும் வந்தது. ஏரி இறால் கருவாடு, மடவைக் கருவாடு, ஊறுகாய் ஜாடி, அப்பளக் கட்டு, பிறந்த பிள்ளைக்கு வசம்பு, பனையோலைப் பெட்டிக்குள் பெட்டிக்குள் பெட்டி. ஒவ்வொன்றையும் துணியில் பொதிந்து தைத்து, அதன் மேல் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, பெயர் எழுதியிருந்தது. மொத்தம் முப்பத்தெட்டு. காக்கா அவற்றைக் கால்வாய்ப் படகில் ஏற்றிக்கொண்டு முதல் நாளே பட்டணத்துக்குப் போனார். கப்பலின் அடித்தளத்தில் சேர்த்துவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் வாப்பாவோடு பொன்னேரிக்கு வண்டி கட்டிப் போய், அங்கே ரயில் ஏறினேன்.

துறைமுகத்தில் வாப்பா கரையிலேயே நின்றுகொண்டார். காக்கா என்னைக் கப்பலுக்குள் அழைத்துப் போனார். படிக்கட்டு, நடை, இன்னொரு படிக்கட்டு. எஞ்சின் சத்தம் காலடியில் கேட்டது. கடைசியில் ஒரு குறுகிய வெள்ளைக் கதவு. அதன் உள்பக்கத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று பளபளவென்று இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் அறையைப் பார்த்தேன்.

அறை எங்கே தெரிந்தது? இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற இடம். அதில் தரை தெரியாமல், கை கழுவும் பீங்கான் தொட்டிக்கு மேலே, கண்ணாடியை மறைத்துக்கொண்டு, கட்டிலில் பாதிவரைக்கும் முப்பத்தெட்டு மூட்டைகளும் அடுக்கியிருந்தன. கருவாட்டு வாசனை கதவுக்கு வெளியே வந்து வரவேற்றது. காக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாக நின்றார்.

"கீழ போட்டா எலி கடிச்சிடும், திருடு போவும். அதுக்குத்தானே ஒனக்குத் தனி ரூமு எடுத்தது."

நான் எங்கே இருப்பது என்று கேட்டேன்.

"கட்டில் மேல ஓரமா படுத்துக்கினு போ. ஒரு ஆளுக்கு இன்னா அவ்ளோ இடம் வேணும்?"

நாஷ்டா நேரத்தில் நான் பேசிய பேச்சு ஒருவர் காதிலும் ஏறவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஆள் மட்டும் இருக்கிற அறை என்றதும் அவர்களுக்குத் தெரிந்தது ஆள் இல்லாத அறை. பள்ளிவாசலில் வைத்தே காக்கா சொல்லியிருக்கிறார், தங்கச்சி தனி ரூமில் போகிறாள், இடம் நிறைய இருக்கிறது, கொடுக்கிறவர்கள் கொடுங்கள் என்று. என் காப்பை விற்று ஊருக்குக் கிடங்கு எடுத்திருக்கிறார்கள். கோபத்தில், எல்லாவற்றையும் வெளியே எடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் வழியனுப்ப வந்தவர்களை இறங்கச் சொல்லி மணி அடித்தார்கள். காக்கா என் தலையில் கை வைத்து ஓதிவிட்டு இறங்கிப் போனார். பாசமானவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பாசம் இருந்ததற்காகக் கோபம் குறையவும் இல்லை.

மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் தூக்கிக் கடலில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்ததை மறைக்க மாட்டேன். அமானிதம் என்ற சொல்தான் கையைப் பிடித்தது. அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கதவு திறந்துதான் கிடந்தது, இருந்தாலும் தட்டிவிட்டு வெளியே நின்றார்கள். அறைகளைக் கவனிக்கிற சிப்பந்தி, கோவாக்காரர், நரைத்த மனிதர். மூக்கைச் சுளித்துக்கொண்டு, கருவாடு எல்லாம் அறையில் வைக்கக் கூடாது என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். சட்டமாம். இந்த இடத்தில் பயணிகள் கெஞ்சுவார்களாம், கையில் எதையாவது திணிப்பார்களாம். அவர் அதற்குத் தயாராக நின்றார்.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "கூடாதுதான். எல்லாத்தையும் எடுங்க" என்றேன்.

அவருக்கு நம்பிக்கை வர இரண்டாவது தடவை சொல்லவேண்டியிருந்தது. இரண்டு ஆட்களைக் கூட்டிவந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். பயணிகளின் பெட்டிகளை வைக்கிற பூட்டிய அறையில் எல்லாவற்றையும் அடுக்கி, முப்பத்தெட்டு உருப்படி என்று எழுதி முத்திரை வைத்த சீட்டு ஒன்றை என் பெயருக்குக் கொடுத்தார்கள். தினமும் ஒரு தடவை போய்ப் பார்க்க அனுமதியும் வாங்கிக்கொண்டேன். ஈரம் பட்டதா, எலி வந்ததா என்று எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன். அமானிதத்துக்கு நான் குறை வைக்கவில்லை. ஆனால் அதற்குப் படுக்க என் அறையில் இடம் கிடையாது.

பிறகு தாழ்ப்பாளைப் போட்டேன். அந்தச் சத்தத்தை நானே போட்டு நானே கேட்டது அதுதான் முதல் தடவை. திறந்து திறந்து ஐந்தாறு முறை போட்டேன். தலைத்துணியை எடுத்துக் கொக்கியில் மாட்டினேன். கூந்தலை அவிழ்த்துவிட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தேன். யாரும் கூப்பிடவில்லை. ஜன்னல் இல்லை, காற்றுக்கு மேலே ஒரு குழாய்தான், எஞ்சின் பக்கச் சுவர் தோசைக்கல்லாகச் சுட்டது. போகட்டும். ஆறு நாள் நான் யாருக்கும் சோறு போடவில்லை. கடிதம் எழுதுவதுபோல நினைத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். நான் எழுத ஆரம்பித்தது அந்த அறையில்தான்.

மூன்றாம் நாள் ராயபுரத்து அம்மாள் தளத்திலிருந்து இறங்கி வந்தார். காக்கா என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாராம். பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளை உன்னோடு விடுகிறேன், இடம்தான் இருக்கிறதே என்றார். அதே பேச்சு. முடியாது என்றேன். கல் மனசு என்றார். இருக்கட்டும் என்றேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் மேலே போய் அவருடைய கைக்குழந்தையை ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். குழந்தை என் மேல் வாந்தியும் எடுத்தது. ஆனால் அறைக்குள் ஒருவரையும் விடவில்லை. இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

பினாங்கில் இறங்கினேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான். பெட்டியோடு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்கு மேலே பலகைச் சுவர் வைத்த ஒரு அறை. சுத்தமாகப் பெருக்கி, புதுப் பாய் விரித்து வைத்திருந்தார். கதவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். போன மாதம்வரை துணிக்கட்டு அடுக்கியிருந்த அறையாம்.

கீழே அதற்குள் எங்கள் ஊர் ஆண்கள் பதினைந்து, இருபது பேர் கூடிவிட்டார்கள். காக்கா தந்தி கொடுத்திருந்தார். எல்லோருக்கும் ஏரிக் கருவாட்டின் நினைவு. மூட்டைகள் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கப்பல்காரர்கள் துறைமுகக் கிடங்கில் பத்திரமாக இறக்கி வைத்திருக்கிறார்கள், சீட்டைக் காட்டினால்தான் கொடுப்பார்கள், அது என்னிடம் இருக்கிறது என்றேன். அவர் கையை நீட்டினார்.

"தரேன். மொதல்ல இந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா போடச் சொல்லுங்க."

அவர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. நான் என் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். நான் எழுந்திருக்கப் போவதில்லை என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கீழே போய் என்ன சொன்னாரோ தெரியாது. அந்தக் கூட்டத்திலேயே ஒரு தச்சர் இருந்தார், அவருக்கு அவருடைய உம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாய் அந்த முப்பத்தெட்டில் ஒன்று. பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் உளியும் இரும்புத் தாழ்ப்பாளுமாக வந்து நின்றார்.

வேலை முடிந்து அவர் இறங்கிப் போனதும் நான் உள்ளே இருந்து தாழ்ப்பாளைப் போட்டேன். நன்றாக விழுந்தது. கொஞ்ச நேரத்தில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிப் பார்க்கிற சத்தம். பிறகு தட்டுகிற சத்தம். எங்கள் குடும்பத்து ஆண் ஒருவர் என் கதவைத் தட்டிவிட்டு வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

"யாரு?" என்று கேட்டேன்.

நான்தான் என்றார் என் வீட்டுக்காரர். எழுந்து போய்த் திறந்து சீட்டைக் கொடுத்தேன்.