கட்டம் போட்ட நோட்டு

"ஓசியில குடுத்தா எவன்லே மதிப்பான்?" என்று சித்தப்பா கேட்டார். வெடிக் கம்பெனி நடத்துகிறவர். தீபாவளிக்குச் சொந்தப் பேரன் வந்து நின்றாலும் விலைப்பட்டியலைக் காட்டிவிட்டுத்தான் பெட்டியை எடுப்பார். நான் ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய எமுலேட்டரை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவிட்டேன் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

எமுலேட்டர் என்றால் மர்மம் ஒன்றுமில்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் வீட்டு உபயோகத்துக்கென்று விற்ற ஒரு சின்னக் கம்ப்யூட்டர். டிவியில் செருகினால் படம் வரும். டேப் ரெக்கார்டரில் செருகினால் புரோகிராம் ஏறும். அதைச் செய்தவர்கள் என்றைக்கோ கடையைச் சாத்திவிட்டார்கள். இன்றைய கம்ப்யூட்டரை அந்தப் பழையதைப் போலவே நடிக்க வைப்பதுதான் நான் எழுதியது. பிழைப்புக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் வடிவமைக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தான் போனது.

எங்கள் வீட்டிலும் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொடுத்தது. தீப்பெட்டி லேபிள் வேலைக்கு உதவும் என்று அப்பா நம்பினார். உதவவில்லை. அது அக்காவின் கைக்குப் போனது. பிளஸ் டூ முடித்தவளைக் காலேஜுக்கு அனுப்பாமல் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வருடமும் அவள் அதன் முன்னால்தான் இருந்தாள்.

இங்கிலீஷ் மட்டும் தெரிந்த அந்தப் பெட்டிக்கு அவள் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். கட்டம் போட்ட நோட்டில் எட்டுக்கு எட்டுச் சதுரம் எடுத்து, எழுத்தின் வடிவத்தைப் பென்சிலால் நிரப்பி, வரிசைக்கு ஓர் எண்ணாக எட்டு எண் எழுதி, அதை டைப் அடிப்பாள். ‘ண’வுக்கு ஒரு சதுரம் போதாது, இரண்டு வேண்டும். அப்படியும் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் மல்லுக்கட்டினாள். கடைசியில் டிவியில் ‘வணக்கம்’ என்று சுத்தமாக வந்தபோது, சாப்பாட்டுக் கையோடு அப்பாவே எழுந்து வந்து பார்த்தார்.

"டேப்பு சிக்குனா போச்சுலே. நோட்டுல இருந்தா எப்பவும் இருக்கும்" என்பாள். டேப் சிக்கத்தான் செய்தது. கல்யாணமாகிச் சாத்தூருக்குப் போகும்போது நோட்டை என் கையில் கொடுத்தாள். "இத மட்டும் பத்திரமா வச்சுக்கலே. பெறகு வந்து வாங்கிக்கிடுதேன்." சரி என்று தலையாட்டினேன்.

என் கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்கும்வரை பத்திரமாகத்தான் இருந்தது. பரணைக் காலி செய்தபோது கைக்கு வந்தது. தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பொய். புரட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரே செத்துப்போச்சு, இனி இது எதற்கு என்று பழைய பேப்பர்க்காரரின் சாக்கில் போட்டேன். எங்கள் ஊரில் பழைய நோட்டு எங்கே போகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெடிக்குக் குழாய் சுருட்டப் போகும். தீபாவளிக்கு மறுநாள் தெருவைக் கூட்டினால், யார் யாரோ போட்ட கணக்கும் எழுதிய கட்டுரையும் கருகின துண்டுகளாகக் கிடக்கும்.

பிறகு ஒருநாள் அக்கா கேட்டாள். "கரையான் அரிச்சிருச்சுக்கா" என்றேன். மேற்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எமுலேட்டர் எழுத உட்கார்ந்ததே அந்தப் பொய் உறுத்தியதால்தான். அதற்குப் போய் எப்படி விலை வைப்பது? இதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

வெளியிட்டபின் எங்கெங்கிருந்தோ கடிதங்கள் வந்தன. ஒருவர், காலமான தன் அப்பா எழுதிய விளையாட்டு பழைய டேப்பிலிருந்து மறுபடி ஓடுகிறது, மகளுக்குக் காட்டினேன் என்று எழுதி நன்றி சொல்லியிருந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. அவர் வீட்டில் யாரோ அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

போன மாதம் அக்கா வந்தபோது லேப்டாப்பில் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அடியாத்தி, அப்படியேல்ல இருக்கு" என்றாள். நான் சொல்லாமலேயே டைப் அடிக்க ஆரம்பித்தாள். எண்ணெல்லாம் இன்னும் விரலில் இருந்தது. ‘வ’ வந்தது. ‘ண’ உருக்குலைந்து வந்தது. அழித்துவிட்டுத் திரும்ப அடித்தாள். சுழிகள் ஒட்டிக்கொண்டன. மூன்றாம் தடவையும் அப்படியே.

அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அக்கா, கரையான் அரிக்கல. நாந்தான் பேப்பர்க்காரருக்குப் போட்டேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்லே. அம்மா அப்பவே சொல்லிட்டாக. அந்தத் தீவாளிக்கு எங்க தெருவுல வெடிச்ச பேப்பரப் பூரா பெறக்கிப் பாத்தேன், ஒரு கட்டமாச்சும் கெடைக்காதான்னு. எவனோ எழுதுன பசு மாட்டுக் கட்டுரைதான் அம்புட்டுச்சு."

"புதுசா வரஞ்சிருவோம்க்கா" என்றேன்.

"வரையலாம். ஆனா அன்னைக்கு எங்கனயோ ஒண்ண வளைச்சு விட்டிருந்தேன், அதான் ஒட்டாம நின்னுச்சு. அது என்னன்னு வர மாட்டேங்குது. ஒனக்கு ஞாபகம் இருக்காலே?"

முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே அள்ளிக் கொடுத்தவன் நான். அக்கா கேட்ட பதினாறு எண் என்னிடம் இல்லை.