நசீர் பாயின் இரண்டாவது சொட்டு

கண் கிளினிக்கில் அழுத்தம் பார்க்கிறவனுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும்: மருந்து எழுதுவது சுலபம், அது கண்ணுக்குள் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. கண்ணில் விட வேண்டிய சொட்டைக் கன்னத்தில் விட்டுக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

இன்னொரு பாட்டில்

தி. நகரில் பிளவுஸ் தைக்கும் நசீர் பாய்க்கு கிளாகோமா. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் அரிக்கிற நோய். போன பார்வை திரும்பாது. அவருடைய இடது கண் எங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை நம்பித்தான் கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருந்தது. இரவில் போடும் ஒரு சொட்டு போதாமல் டாக்டர் இரண்டாவது மருந்தைச் சேர்த்தார். அதற்கும் இறங்காவிட்டால் ஆபரேஷன். தீபாவளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை பார்த்தபோது அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை. "எப்படிப் போடறீங்க, காட்டுங்க பாய்" என்றேன். ஒரு பாட்டில், உடனே மறு பாட்டில், டக் டக். பிரசங்கம் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைக்காது. கண்ணில் ஒரு சொட்டுக்கே இடம் பற்றாது. உடனே விடும் அடுத்த சொட்டு முதல் சொட்டைக் கழுவித் தள்ளிவிடும். ஆகவே ஒன்றைப் போட்டு, கண்ணை மூடி, அதன் மூக்கோரத்து முனையை விரலால் அழுத்தி, ஐந்து நிமிடம் கழித்தே மற்றது என்று முன்னுரை முடிவுரையோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சீசன் டைம்ல அஞ்சு நிமிசம் கண்ண மூடிக்கினு உக்காந்தா, கஸ்டமருங்க மெஷினையே தூக்கினு போயிடுவாங்க சார்."

எட்டு மணி தரிசனம்

என் மனைவியின் பிளவுஸும் அவரிடம்தான் மாட்டிக்கொண்டிருந்தது. கேட்டு வரச் சொல்லி ஒரு நாள் இரவு எட்டு மணிவாக்கில் என்னை அனுப்பினாள். கடையில் நிற்க இடமில்லை, சத்தமும் இல்லை. நடுவில் ஸ்டூல் போட்டு நசீர் பாய், கண் மூடி, மூக்கோரத்தில் விரல் வைத்து, தவத்தில் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சொன்ன தேதிக்குத் துணி கிடைக்காத பெண்கள். அப்போதுதான் உள்ளே வந்த ஓர் இளம்பெண், "பாய், வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்களே..." என்று ஆரம்பித்தாள்.

செல்போனில் டைமர் வைத்துக் காவல் நின்ற மயிலாப்பூர் மாமி ஒருவர் கை காட்டி நிறுத்தினார். "இப்போ பேசப்படாது. மொதல் மருந்து இறங்கிண்டிருக்கு."

"எனக்கு நாளைக்கு நிச்சயதார்த்தம் மாமி!"

"இருக்கட்டும். இருக்கறது ஒத்தக் கண்ணு. அதுவும் போயிடுத்துன்னா, உன் பிளவுஸுக்கு ஒரு கை முழம், ஒரு கை சாண்னு வரும்."

பெண் வாயை மூடிக்கொண்டாள். எங்கள் கிளினிக் சுவரில் 'அமைதி' என்று படம் போட்டு ஒட்டியும் நடக்காத காரியம் இது. நான் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டைமர் அடித்தது. மாமியே அவர் முகத்தை நிமிர்த்தி இரண்டாவது சொட்டை விட்டார். ஒரு துளிகூடக் கன்னத்துக்குப் போகவில்லை. மறுபடி டைமர், மறுபடி மௌனம். கடைசியில் மாமியின் குரல் மாறியது:

"கண்ணைத் தொடைச்சுக்கோங்கோ பாய். இப்போ சொல்லுங்கோ, என் பிளவுஸ் எங்கே?"

ஒரே பாட்டில்

அடுத்த பரிசோதனையில், நம்பிக்கையில்லாமல் திரும்பத் திரும்ப அளந்தேன். டாக்டர் கேட்ட அளவுக்கு அழுத்தம் இறங்கியிருந்தது. மருந்தை நிறுத்தக்கூடாது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். "அப்போ கத்திரி புடிக்கலாம்ல சார்?" என்று பாய் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

டாக்டருக்கும் குஷி. இரண்டு மருந்தும் கலந்த ஒரே பாட்டில் எழுதுகிறேன் என்றார். ஒரே சொட்டு, இடைவெளி தேவையில்லை. "உங்க அஞ்சு நிமிஷம் மிச்சம் பாய்!" என்று நானும் உற்சாகப்பட்டேன். பாயின் முகம் வாடியது. டாக்டர் அடுத்த நோயாளி பக்கம் திரும்பியதும் என் காதோரம் குனிந்தார்:

"தீபாவளி முடியறவரைக்கும் ரெண்டாவே இருக்கட்டும் சார். அந்த அஞ்சு நிமிசம்தான் பிளவுஸ் எங்கன்னு யாரும் கேக்காம கீறாங்க."

இரண்டாவது சொட்டின் வெற்றியில் பாதி மருந்துடையது, பாதி போட்டுக்கொண்டவருடையது, இன்னொரு பாதி, கணக்கு வாத்தியார்கள் மன்னிக்கவும், துணி கிடைக்காமல் வாயை மூடி நின்ற அந்தப் பெண்களுடையது.